ஐஸ் மட்டும் கேட்டவர்கள்

1

மது ஊற்றிக் கொடுப்பது என் வேலை. மொன்றியலுக்கு வந்த இத்தனை வருடத்தில் ஊருக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இந்த வசனத்தை நான் எழுதியதில்லை. தொலைபேசி அட்டை வாங்கி மன்னாருக்கு எடுக்கும்போதெல்லாம் அம்மா கேட்பார்.

"என்ன வேலை பிள்ளை இப்ப?"

"ஒரு விருந்து ஹோலில அம்மா. வாறவையைக் கவனிக்கிறது."

பொய்யில்லை. வருகிறவர்களைத்தான் கவனிக்கிறேன். எவ்வளவு குடித்தார்கள், நாக்குப் புரளத் தொடங்கிவிட்டதா, சில்லறையை எண்ண முடிகிறதா, வீட்டுக்கு எப்படிப் போகப் போகிறார்கள் என்றெல்லாம் கவனிக்கிறேன். அதற்கென்று இணையத்தில் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறேன். குடிக்கக் கொடுப்பதற்கும் படிப்பா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்தவள்தான்.

சென்ற வாரம் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மறுபடி அதே பாடங்கள், அதே கேள்விகள். இந்த முறை தடுமாறாமல் தேறிவிட்டேன். கணினியை அணைத்த பிறகும் எழும்ப மனமில்லாமல் அப்படியே இருந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்கு என்று தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் உள்ள பியர்பொன்ட்ஸில் சொந்த வீட்டுக்காரர்கள் வாழும் அமைதியான தெருக்கள் முடிகிற இடத்தில் எங்கள் மண்டபம் இருக்கிறது. முதலாளி மதாம் எலெனி, கிரேக்கப் பெண். குரல் மண்டபத்தின் கடைசி மேசைவரை போகும். அவள் கிரேக்கச் சாயலில் பிரெஞ்சு பேசுவாள். நான் தமிழ்ச் சாயலில் பதில் சொல்வேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அகப்பட்டு அந்த மொழி படும் பாடு சொல்லி மாளாது. ஆனால் ஒருநாளும் ஒருவரையொருவர் விளங்காமல் போனதில்லை.

நான் அங்கே கிளாஸ் கழுவத் தொடங்கினேன். பிறகு தட்டுத் தூக்கினேன். ஒருநாள் மதாம் கூப்பிட்டு, காப்புறுதிக்காரர் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருப்பதாகச் சொன்னாள். இனிமேல் பார் மேசைக்குப் பின்னால் நிற்பவர் பொறுப்பாக மது பரிமாறும் பயிற்சியை முடித்தவராக இருக்க வேண்டுமாம்.

"நீ குடிப்பாயா?" என்று கேட்டாள்.

"இல்லை மதாம்."

"உன் புருஷன்?"

"நத்தாருக்கும் கோயில் பெருநாளுக்கும்."

"அப்படியென்றால் நீதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

என் கணவர், ஜான்-டலோன் என்ற பெரிய சந்தையில் மரக்கறி இறக்குகிறவர். அன்று பின்னேரம் செய்தியைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சொட்டும் வாயில வைக்காதவள், குடிக்கிறவைக்குக் காவலோ? நல்ல நாடப்பா இது!"

3

எங்கள் வீட்டில் கணினி சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இருந்தது. அது மகள் கரோலினின் ராச்சியம். கரோலினுக்கு அப்போது பதினாறு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயது. தமிழ்க் கொண்டாட்டம் என்றால் தலையிடி வந்துவிடும். அந்தப் பிள்ளை, அம்மா பரீட்சை எழுதப் போகிறாள் என்றதும் தானாகவே வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். அதற்காகவே அந்தப் பயிற்சிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவு செய்யும்போதே சிக்கல். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று திரை கேட்டது. நான் வழக்கம்போல் அப்பாவின் பெயரை ஓரிடத்தில் போட்டேன். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

பாடங்கள் சுவாரசியமாகத்தான் இருந்தன. ஒரு பியர், ஒரு கிளாஸ் வைன், ஒரு சின்ன அளவு விஸ்கி எல்லாம் உடம்புக்கு ஒன்றுதான் என்றது முதல் பாடம். குடித்தவர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தது அடுத்தது. வெறியைத் தெளிய வைப்பது நேரம் மட்டுமே, கோப்பியும் குளிர்ந்த தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"தேசிக்காய்ப் புளி கரைச்சுக் குடுத்தாத் தெளியும். எங்கட ஊரில எத்தினை பேருக்குத் தெளிஞ்சது," என்றேன்.

"அம்மா, திரையோட சண்டை பிடிக்காதீங்கோ," என்றாள் கரோலின்.

பிறகு பரீட்சை வந்தது. விருந்தாளி ஒருவர் 'போதும்' என்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. 'மறுபடி கேட்டுப் பார்ப்பேன்' என்ற விடையை அழுத்தினேன். வேறென்ன செய்வது? நம்மவர்களில் முதலாவது 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கும். ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டால் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போன கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த கேள்வி, கிளாஸ் பாதி காலியாக இருந்தால்? 'கேட்காமலே நிரப்புவேன்.' அதையும் அழுத்தினேன்.

தேறவில்லை என்று திரை சிவந்தது.

கரோலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீங்கள் அன்பாலயே எல்லாரையும் கொல்லப் போறீங்கள். இஞ்ச வேண்டாம் எண்டா வேண்டாம்தான். ஒருக்காச் சொன்னாப் போதும்."

"ஒருக்காச் சொன்னதை எப்பிடி நம்புறது?"

"நம்போணும்," என்றாள். சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாள். பதினாறு வயதுப் பெண்பிள்ளை அந்தச் சொல்லை அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த உறுதியை அவளுக்கு நான் கொடுக்கவில்லை, இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் கொடுத்தது.

இரண்டாம் முறை தேறினேன். சான்றிதழை அச்சடித்துப் பார்த்தால், அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில், என் பெயர் மூலையில் சின்னதாக. என் அப்பா சூசைப்பிள்ளை நாள் தவறாமல் கள்ளுக் குடித்து, பாட்டோடு வீடு வந்து, நிம்மதியாகக் கண்ணை மூடிய மனிதர். பொறுப்பாக மது பரிமாறத் தகுதி பெற்றவர் என்று கனடாவில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலே இருந்து பார்த்திருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

4

எங்கள் வீடுகளில் குடிப்பது ஆண்களின் காரியம். அதைப் பற்றிக் கவலைப்படுவது பெண்களின் காரியம். கவலையைப் பெண்கள் தங்களுக்குள் கதைப்பார்கள், குடித்தவரிடம் கதைப்பதில்லை. அப்படி வளர்ந்த நான் கறுப்பு அரைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பார் மேசைக்குப் பின்னால் நின்றேன். என்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஓர் ஆளிடம், "மன்னிக்கோணும் மிசியே, இனி உங்களுக்குத் தர மாட்டன். தண்ணி தரட்டா? டாக்சி கூப்பிடட்டா?" என்று ஒருநாள் முதன்முதலாகப் பயந்து பயந்து சொன்னேன். அவர் முறைத்தார். என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். மதாம் எலெனி எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார்.

இத்தாலியர், பிலிப்பினோக்காரர், கியூபெக்காரர் என்று எல்லோருடைய கொண்டாட்டங்களிலும் நின்றேன். பயம் மெல்ல மெல்லப் போனது. ஆனால் எங்கள் ஆட்களின் விருந்து ஒன்று அதுவரை எனக்கு வாய்க்கவில்லை.

5

அது அக்காவின் கடைக்குட்டி ஜெனி கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தாக வந்தது. அக்கா குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்டில் இருக்கிறது. காலையில் பூசை, மத்தியானம் எங்கள் மண்டபத்தில் சாப்பாடு. மே மாத வெயில் நன்றாக எறித்தது.

இங்கே இம்மானுவேல் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். எங்களைப் பொறுப்பெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். கைக்குழந்தையோடு மிராபெல் விமான நிலையத்தில் நாங்கள் வெடவெடத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மூவருக்கும் அளவான குளிர்ச்சட்டைகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் வீட்டுச் சோபாவில்தான் எங்கள் முதல் பனிக்காலம் கழிந்தது. ஒரு நாளாவது முகம் கோணியதில்லை. அவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த நாடு இல்லை. இன்றைக்கும் அதை யார் முன்னாலும் சொல்வேன்.

விருந்து தொடங்கியது. பாருக்கு வந்த எங்கள் ஆண்கள் தோடம்பழச் சாறு கேட்டார்கள். ஜிஞ்சர் ஏல் சோடா கேட்டார்கள். கொஞ்சம் ஐஸ் கேட்டார்கள். பியர்ப் போத்தல்கள் குளிர்பெட்டியில் வரிசை குலையாமல் நின்றன. மதாம் எலெனி வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"உன் ஆட்கள் தங்கம்! எங்கள் கிரேக்கர் என்றால் இந்நேரம் மேசைமேல் ஏறியிருப்பார்கள்."

அதற்கான பதில் வெளியே கார்கள் நிற்குமிடத்தில் இருந்தது. நம்மவர்களின் பார் கார் டிக்கிக்குள் இருக்கும். பங்குச் சுவாமியார் உள்ளே இருக்கிறார், மாமனார் இருக்கிறார், பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கிளாஸ் தூக்குவது மரியாதை இல்லை. ஆகவே ஒவ்வொருவராக வெளியே போவார்கள். டிக்கியில் பேப்பர் விரித்து மிக்சரும் இறைச்சிப் பொரியலும் வைத்திருப்பார்கள். போத்தல் சால்வைக்குள் இருக்கும். சுவாமியாருக்கும் இது தெரியும். தெரியாததுபோல் இருப்பது அவர் காட்டும் மரியாதை. இப்படி ஆளுக்கு ஆள் மரியாதை செய்து செய்து, யார் எவ்வளவு குடித்தார் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

டிக்கியில் இல்லாத ஒரே சாமான் ஐஸ். அதற்கு மட்டும் என்னிடம் வந்தார்கள்.

நான் படித்த பாடத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை. பார் கணக்கின்படி அன்று மண்டபம் முழுக்கப் பச்சை. அதனால் நான் ஐஸை வைத்துக் கணக்குப் பிடிக்கத் தொடங்கினேன். யார் மறுபடி மறுபடி ஐஸுக்கு வருகிறார், வரும்போது நடை எப்படி, குரல் எப்படி என்று பார்த்தேன். கணக்கில் முன்னுக்கு நின்றவர் எங்கள் அத்தான். விருந்துக்கு உரியவர் அல்லவா, ஒவ்வொரு டிக்கிக்கும் ஒரு தடவை மரியாதைக்குப் போக வேண்டியிருந்தது.

அத்தான் என் சமையலை ஒருநாளும் வாய் திறந்து நல்லதென்று சொன்னவரில்லை. அன்று மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "பிள்ளை, நீர் போடுற ஐஸ் இருக்கே, அது தனி ருசி," என்றார். கண் கலங்கியிருந்தது.

சிவப்பு. எந்தப் பாடமும் இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்காது.

பின்னேரமானது. அக்கா மிஞ்சிய கேக்கைப் பெட்டியில் அடுக்கினாள். ஜெனி வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாக ஒரு கதிரையில் சரிந்து கிடந்தாள். அத்தான் வாசலைத் தாண்டிப் போனார். போகும்போது சட்டைப்பையைத் தட்டி, வண்டியை முடுக்கும் திறப்பைத் தேடினார். அவர் தன் வான் வண்டியில் அக்காவையும் ஜெனியையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் ஓடி, சம்ப்லேன் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

6

ஆண்கள் நிற்கும் டிக்கிப் பக்கம் எங்கள் பெண்கள் போவதில்லை. போக ஒரு சாட்டு வேண்டும். ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

என்னைக் கண்டதும் டிக்கிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. "என்ன தங்கச்சி, ஐஸ் கொண்டந்தனீங்களோ?" என்று ஒருவர் வெட்கத்தோடு கேட்டார். நான் நேரே அத்தானிடம் போனேன். ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், அவரைக் குற்றம் சொல்லாமல் பேச வேண்டும் என்பது பாடம். தனியாகக் கூப்பிட அங்கே இடமில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டேன்.

"அத்தான், வான் திறப்பை ஒருக்காத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, வான் மறிக்குதோ? நான் எடுத்துவிடுறன்."

"இல்லை அத்தான். நீங்கள் இண்டைக்கு ஓட வேண்டாம்."

அத்தானின் முகம் மாறியது. சுற்றி நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"ஆருக்குச் சொல்லுறீர்? எனக்கு வெறி எண்டுறீரோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்குப் பயமா இருக்கு."

"நான் இந்த றோட்டில ஓடத் தொடங்கேக்க நீர் மன்னாரில சைக்கிள் ஓடித் திரிஞ்சனீர். உங்களை மிராபெல்லில இருந்து ஏத்திக்கொண்டு வந்தது ஆர்?"

"நீங்கள்தான் அத்தான்."

"அப்ப?"

அவர் தந்த குளிர்ச்சட்டைக்குள்ளிருந்துதான் நான் இந்த ஊரையே முதலில் பார்த்தேன். அவரை நாலு பேருக்கு முன்னால் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறேன். விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக் கதவுக்குள்ளால் ஜெனியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கதவடியில் மதாம் எலெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை.

"அத்தான், இந்த இடமும் மண்டபத்தோட சேர்ந்ததுதான். நீங்கள் ஓடிக்கொண்டு போனா என்ர வேலை போயிடும்," என்றேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஆண்டவர்தான் மன்னிக்க வேண்டும்.

அத்தான் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் இறங்கியது. "வேலைக்குப் பிரச்சினை எண்டா அது வேற கதை. அதை முதலே சொல்லுறதுக்கென்ன?" என்று சொல்லித் திறப்பை எடுத்து என் ஐஸ் வாளிக்குள் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், எல்லாரும் திறப்பைப் போடுங்கோடா. என்ர மச்சாளின்ர வேலை போகப் போகுது!"

நம்மவர்களிடம் வெறி என்று சொன்னால் சண்டை வரும். ஒரு பெண்பிள்ளையின் வேலை என்று சொன்னால் உதவி வரும். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். ஒருவர் "என்ர ரெண்டாவது திறப்பும் கிடக்கட்டும் தங்கச்சி," என்று அதையும் சேர்த்துப் போட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

7

பிறகுதான் அடுத்த பிரச்சினை. யார் ஓட்டுவது? எங்கள் பெண்கள் பலரிடம் லைசன்ஸ் உண்டு. வேலைக்கு ஓட்டிப் போவார்கள், கடைக்கு ஓட்டிப் போவார்கள். கணவர் கூட இருந்தால் மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாறிவிடுவார்கள். அன்று அவர்களெல்லாம் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து வாளிக்குள் கையை விட்டுத் தங்கள் தங்கள் திறப்பைத் தேடினார்கள்.

அக்கா மட்டும் அசையவில்லை.

"நான் புரோசார்டுக்குள்ள ஓடுறதோட சரி. பாலத்தில ஒருநாளும் ஓடினதில்லை. எனக்கு ஏலாதடி."

"ஜெனி பின்னுக்கு இருக்கிறாள் அக்கா."

"அதுதான் பயமா இருக்கு."

"அதுக்குத்தான் அக்கா நீ ஓடோணும்."

அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அத்தான் பக்கத்து இருக்கையில் ஏற்றப்பட்டார். வான் தெருமுனையில் மெல்லத் திரும்பிப் போனது. நான் கழுவிய கிளாஸ்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்ததும் ஈரக்கையோடு ஓடினேன்.

"வந்திட்டமடி," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "பாலத்தில பின்னுக்கு வந்தவன் ஹோர்ன் அடிச்சவன். அடிடா எண்டு விட்டுட்டு என்ர பாட்டுக்கு வந்தனான்."

"அத்தான்?"

"நல்ல நித்திரை. வீட்டு வாசலில எழுப்பினன். ஆர் ஓடினது எண்டு கேக்கிறார்."

இருவரும் சிரித்தோம். ஆனால் அத்தான் அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் வேறு பக்கம் பார்ப்பார். நத்தாருக்கு அக்கா பலகாரம் கொண்டுவந்தாள், அவர் வானுக்குள்ளேயே இருந்தார். எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. இந்த நாட்டின் கதவைத் திறந்துவிட்ட மனிதர் தன் வீட்டுக் கதவை எனக்குச் சாத்திவிட்டாரே என்று பலமுறை அழுதிருக்கிறேன். நான் செய்தது பிழையென்று மட்டும் ஒருபோதும் தோன்றவில்லை. என் கணவர் ஒன்றுதான் சொன்னார். "அந்த மனுசனுக்குக் கோவமில்லை. வெக்கம். அது ஆறக் காலம் எடுக்கும்."

அடுத்த கோடையில் அத்தானின் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. ஒருநாள் தொலைபேசி எடுத்தால், அவர் குரல்.

"பிள்ளை, உங்கட ஹோலைத்தான் எடுத்திருக்கிறன்."

"சந்தோசம் அத்தான்."

"பார் உள்ளுக்கு இருக்கட்டும். குடிக்கிறவை உள்ளுக்கு நிண்டு குடிக்கட்டும். டிக்கியில ஒருத்தரும் ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டன்."

"சுவாமியார் இருப்பாரே அத்தான்."

"இருக்கட்டும். மறைச்சு மறைச்சுத்தானே கணக்குத் தெரியாமல் போனது." பிறகு, "அண்டைக்கு ஜெனி பின்னுக்கு இருந்தவள், என்ன?" என்றார்.

"ஓம் அத்தான்."

"ம். பேந்து கதைப்பம்," என்று வைத்துவிட்டார்.

கலியாணத்தன்று நான் பாரில் நின்றேன். எங்கள் ஆண்கள் மண்டபச் சுவரோரம் நின்று, சுவாமியாரையும் பாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் முதலில் வரத் துணியவில்லை. பட்டு வேட்டியோடு அத்தான் எழும்பினார். மண்டபத்தின் நடுவால், எல்லோரும் பார்க்க, நிதானமாக நடந்து வந்து என் முன்னால் நின்றார். சட்டைப்பைக்குள் கையைவிட்டு வான் திறப்பை எடுத்து மேசைமேல் வைத்து, என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இப்ப ஊத்தும் பிள்ளை," என்றார்.